வாசகர் கேள்வி – உளநலம்: அடிபட்ட மனம் வளர்ந்ததா என்று எப்படி அளப்பது?

கிழக்கிலங்கையிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே படிவத்தைப் பற்றியவை. போர், சுனாமி, வெள்ளம், குண்டுவெடிப்பு போன்ற நெருக்கீடுகளைக் கடந்தவர்களிடம் ‘அதன் பிறகு உங்களில் வந்த நல்ல மாற்றம் என்ன, எவ்வளவு’ என்று கேட்டுப் புள்ளி போடும் 21 கேள்விப் படிவம் அது. அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹூனும் 1996இல் வெளியிட்டது. சுருக்கப் பெயர் பிடிஜிஐ. அது அளக்க முயல்வதை ‘நெருக்கீட்டுக்குப் பிந்திய வளர்ச்சி’ என்கிறார்கள். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: பயிற்சிக்காக ஒருவரிடம் படிவத்தை நிரப்பினேன். 105க்கு 78 வந்தது. எத்தனைக்கு மேல் வந்தால் ‘வளர்ந்திருக்கிறார்’ என்று எழுதலாம்? (உளவளத்துணை டிப்ளோமா மாணவி, செங்கலடி)

அப்படி ஒரு கோடு இந்தப் படிவத்தில் கிடையாது. மனச்சோர்வுப் படிவங்களில் ‘இத்தனைக்கு மேல் என்றால் வைத்தியரிடம் அனுப்பு’ என்ற எல்லை இருக்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் பார்க்க வேண்டாம். இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவியல்ல, பரீட்சைப் புள்ளியும் அல்ல.

மொத்தத்தை விட, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை. 21 கேள்விகளும் ஐந்து பகுதிகளில் அடங்கும். பிறருடனான உறவு 7 கேள்வி (6, 8, 9, 15, 16, 20, 21), புதிய வழிகள் 5 கேள்வி (3, 7, 11, 14, 17), தன் பலம் 4 கேள்வி (4, 10, 12, 19), ஆன்மீகம் 2 கேள்வி (5, 18), வாழ்க்கையின் அருமை 3 கேள்வி (1, 2, 13). ஆகவே பகுதிகளின் உச்சப் புள்ளிகள் 35, 25, 20, 10, 15. உறவில் 21, ஆன்மீகத்தில் 9 என்று வந்தால் உறவில்தான் கூடுதல் வளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: உறவு 3.0, ஆன்மீகம் 4.5. கதை தலைகீழாகிவிட்டது.

விடுபட்ட கேள்விக்கு 0 போடுவது மாணவர்களின் வழமையான பிழை. 0 என்பதும் ஒரு பதில்தான். ‘அந்தச் சம்பவத்தால் இந்த மாற்றம் எனக்கு வரவில்லை’ என்பது அதன் பொருள். பதில் சொல்லாமல் விட்டது வேறு. ஏழு கேள்வியில் ஒன்று விடுபட்டால் மற்ற ஆறின் சராசரியை வைக்கலாம். ஆன்மீகத்தின் இரண்டில் ஒன்று விடுபட்டால் அந்தப் பகுதியைக் கணக்கிடாமல் விடுவதே சரி.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அந்த 78 எந்தச் சம்பவத்துக்கு என்று இல்லை. மட்டக்களப்பில் அறுபது வயது தாண்டிய ஒருவர் 1978 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி எல்லாவற்றையும் கண்டிருப்பார். பிள்ளையைப் போரில் இழந்தும் இருக்கலாம். எதை மனதில் வைத்துப் பதில் சொன்னார்? படிவத்தின் தலைப்பிலேயே சம்பவத்தையும் ஆண்டையும் எழுதி, ஒவ்வொரு நாலைந்து கேள்விக்கும் ஒருமுறை ‘சுனாமிக்குப் பிறகு’ என்று வாயால் நினைவூட்டுங்கள். இல்லாவிட்டால் ஏழாவது கேள்வியில் அவர் வேறொரு துக்கத்துக்குள் போயிருப்பார், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கேள்வி: எங்கள் நிறுவனம் போரில் கணவரை இழந்த பெண்களுக்கு ஆறு மாதத் திட்டம் நடத்தியது. குழு உரையாடல், தையல் பயிற்சி, சிறு கடன். தொடக்கத்தில் பிடிஜிஐ சராசரி 48, முடிவில் 61. ‘திட்டத்தால் 13 புள்ளி உள வளர்ச்சி’ என்று அறிக்கையில் போடலாமா? (திட்ட உத்தியோகத்தர், திருக்கோவில்)

போட வேண்டாம். திட்டம் பயனில்லாதது என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த 13 அதைச் சொல்லாது என்பதே பிரச்சினை.

முதலில் படிவத்தின் தன்மை. அது இன்றைய நிலையைக் கேட்பதில்லை. ‘சம்பவத்துக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு மாறினீர்கள்’ என்று கேட்கிறது. பதில் சொல்பவர் இன்றைய தன்னை எண்ணி, பழைய தன்னை நினைவிலிருந்து எடுத்து, இரண்டையும் கழித்து, அந்த மாற்றம் சம்பவத்தால் வந்ததா என்றும் தீர்மானிக்க வேண்டும். சுவரில் கோடு போட்டு வைக்காமல், பிள்ளை எவ்வளவு உயர்ந்தது என்று தாயிடம் கேட்பது போன்றது. தாய் பொய் சொல்லமாட்டார், ஆனால் அது அளவுகோல் அல்ல.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் பட்ரிசியா ஃபிரேசியரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் 1500க்கு மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் நிலையை முன்கூட்டியே அளந்து வைத்தார்கள். எட்டுக் கிழமைகளுக்குள் அவர்களில் 122 பேருக்குப் பெரிய நெருக்கீடு ஒன்று நேர்ந்தது. அவர்களை மீண்டும் அளந்தபோது, ‘நான் வளர்ந்தேன்’ என்று அவர்கள் சொன்னதற்கும் முன்பின் அளவுகளில் உண்மையில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரும்பாலும் தொடர்பிருக்கவில்லை. அதோடு, வளர்ந்ததாகக் கூடுதலாகச் சொன்னவர்களின் மனத்துயரம் கூடியிருந்தது. வலியைத் தாங்க ‘இதிலிருந்து ஏதோ கற்றேன்’ என்று சொல்லிக்கொள்வது மனித இயல்பு. அதில் பிழையில்லை. அதைத் திட்டத்தின் விளைவாக எழுதுவதுதான் பிழை.

அடுத்தது, யார் கேட்டது? கடனும் தையல் மெசினும் கொடுத்த அதே உத்தியோகத்தர் படிவத்தோடு வந்து கதிரையில் இருந்தால், பதில் ‘ஓம் பிள்ள, நல்லாத்தான் மாறியிருக்கன்’ என்றுதான் வரும். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் படிவம் நிரப்பிப் பழகாத வீடில்லை. எந்தப் பதிலுக்கு என்ன வரும் என்று சனத்துக்குத் தெரியும். 21 கேள்வியும் நல்ல மாற்றத்தையே கேட்பதால், எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ சொல்பவருக்குப் புள்ளி தானாக ஏறும்.

மூன்றாவது, காலம். உங்கள் கடிதப்படி முதல் அளவு டிசம்பர் கடைசியில், இரண்டாவது யூனில். டிசம்பர் 26 சுனாமி நினைவு நாள். அதோடு மாரி வெள்ளம், வேலையில்லாத நாட்கள். யூனில் பெரும்போக வேளாண்மை வெட்டி விற்ற காசு சில வீடுகளில் மிஞ்சியிருக்கும், கடலும் தொழிலுக்கு இடம் கொடுக்கும். திட்டமே இல்லாவிட்டாலும் சில புள்ளிகள் ஏறியிருக்கலாம். எவ்வளவு என்று அறிய ஒரே வழி, திட்டத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு குழுவையும் அதே இரண்டு தடவை அளப்பதுதான். முதல் தொகுதிக்குத் திட்டம் நடக்கும்போது இரண்டாம் தொகுதியை அளந்து வைத்தால் போதும். யாருக்கும் எதையும் மறுக்க வேண்டியதில்லை.

நான்காவது, தனி ஆளின் கணக்கு. சில நிறுவனங்கள் ‘32 பேர் முன்னேறினர், 8 பேர் பின்னடைந்தனர்’ என்று பட்டியல் போடுகின்றன. டெடெஸ்கி, கல்ஹூனின் முதல் ஆய்வில் இரண்டு மாத இடைவெளியில் அதே ஆட்களை மீண்டும் அளந்தபோது இரண்டு அளவுகளுக்கும் இடையிலான தொடர்பு 0.71 (முழுதாக ஒத்துப்போனால் 1). உங்கள் குழுவின் நியம விலகல், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரந்திருக்கும் அளவு, 20 என்று வைத்துக்கொள்வோம். அளவுப் பிழை 20 × √(1 − 0.71), அதாவது கிட்டத்தட்ட 10.8. இரண்டு அளவுகளின் வித்தியாசத்துக்கு அதை √2ஆல் பெருக்க 15.2. அதை 1.96ஆல் பெருக்கினால் சுமார் 30. ஆகவே ஒரு பெண்ணின் புள்ளி 55இலிருந்து 70க்குப் போனாலும் அது படிவத்தின் ஆட்டமாக இருக்கலாம். 30 புள்ளிக்குக் குறைந்த மாற்றத்தை வைத்துத் தனி ஆளை ‘முன்னேறினார்’ என்று எழுதாதீர்கள். குழுச் சராசரிக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் தேவையில்லை. ஆனால் அதற்கு மேலே சொன்ன மற்றக் கோளாறுகள் இருக்கின்றன.

அடுத்த தொகுதிக்கு: அதே 21 விடயங்களையும் ‘கடந்த இரண்டு கிழமையில் இது உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்’ என்று நிகழ்காலத்துக்கு மாற்றிக் கேட்டு, திட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்து நீங்களே கழியுங்கள். ஃபிரேசியர் செய்ததும் இதுவே. கேட்பவர் திட்டத்தில் வேலை செய்யாத ஆளாக இருக்கட்டும். பக்கத்து ஊராயிருந்தால் நல்லது, அதே ஒழுங்கையில் இருப்பவர் வேண்டாம். கூடவே துயரத்தையும் அளவிடுங்கள். நெருக்கீட்டுக்குப் பிந்திய துயர அறிகுறிகளுக்கு 20 கேள்விகளும் 80 புள்ளியும் கொண்ட பிசிஎல்-5 படிவம் இருக்கிறது, மனச்சோர்வுக்கு 9 கேள்விகளும் 27 புள்ளியும் கொண்ட பிஎச்கியூ-9 படிவம் இருக்கிறது. வளர்ச்சியை மட்டும் அளந்து துயரத்தை அளக்காமல் விட்ட அறிக்கையை நாங்கள் மதிப்பதில்லை.

இந்த முறை அறிக்கைக்கு இவ்வளவு எழுதலாம்: ‘பங்குபற்றியவர்கள் தாம் உணர்ந்ததாகச் சொன்ன நேர்மறை மாற்றம் 48இலிருந்து 61 ஆகியது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதைத் திட்டத்தின் விளைவு என்று சொல்ல முடியாது.’ நிதி தருபவர் முகம் சுளிக்கலாம். அவருக்கு ‘கடன் திருப்பிச் செலுத்தியவர் எத்தனை பேர், ஆறு மாதத்துக்குப் பின்னும் தைத்துச் சம்பாதிப்பவர் எத்தனை பேர்’ என்ற கணக்கைக் கொடுங்கள். அவை நேரில் பார்க்கக்கூடியவை.

கேள்வி: என் உம்மா ஐந்து நேரத் தொழுகை தவறாதவர், சுனாமிக்கு முன்னும் பின்னும். படிவத்தில் மார்க்க நம்பிக்கை பற்றிய கேள்விக்கு 0 சொன்னார். வந்தவர் ‘ஆன்மீக வளர்ச்சி இல்லை’ என்று எழுதிவிட்டார். இது நியாயமா? (வாசகி, மருதமுனை)

உம்மா சரியாகவே பதில் சொன்னார். எழுதியவர்தான் பிழையாக வாசித்தார். நம்பிக்கை ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவருக்குக் கூட இடமில்லை. ‘மாறவில்லை’ என்ற அவர் பதிலுக்கு 0தான். நம்பிக்கை முழுதாக உடைந்து போனவருக்கும் அதே 0தான், ஏனென்றால் கீழே இறங்கியதைக் குறிக்க இந்தப் படிவத்தில் இடமே இல்லை. ‘அப்படியே இருக்கிறது’, ‘குறைந்துவிட்டது’ இரண்டும் ஒரே எண்ணில் விழுகின்றன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று நம்பிக்கை ஊறிய எங்கள் பகுதிகளில் இது சிறிய குறையல்ல.

மூன்று வழிகள் இருக்கின்றன. 0 வந்தால் பக்கத்தில் ஒரு சிறு குறி: ‘முன்பே இருந்தது’, ‘குறைந்தது’, ‘பொருந்தாது’. செலவே இல்லாத வழி இதுதான், நாங்கள் முதலில் சொல்வதும் இதையே. இரண்டாவது, 2017இல் விரிவாக்கப்பட்ட 25 கேள்விப் படிவம். அதில் ஆன்மீகப் பகுதிக்கு 2க்குப் பதில் 6 கேள்வி. வாழ்வின் பொருள், மரணம், உலகத்தோடு உள்ள இசைவு என்பன சேர்ந்திருக்கின்றன. மொத்தம் 125. மூன்றாவது, வேறு படிவத்துக்கே மாறுவது. ஸ்டீபன் ஜோசப்பும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட 18 கேள்விப் படிவத்தில் 1 முதல் 5 வரை. 3 என்றால் ‘முன்பு போலவே’, அதற்குக் கீழே குறைவு, மேலே கூடுதல். உம்மாவைப் போன்றவருக்கு 3 போட்டுவிட்டுப் போகலாம், யாரும் குறையாக வாசிக்க முடியாது.

கேள்வி: நாவலடியிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். என் தம்பியைச் சுனாமி கொண்டுபோனது. கணக்கெடுக்க வந்த ஒருவர் அம்மாவிடம் ‘அதனால் உங்களுக்கு வந்த நன்மைகள் என்ன’ என்று கேட்டார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இப்படிக் கேட்பதுதான் முறையா? (வாசகி, கல்லடி)

முறையல்ல. படிவத்தில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. இழப்பால் நன்மை வந்தது என்று அது சொல்வதில்லை. இழப்போடு மல்லுக்கட்டிய காலத்தில் ஆளில் ஏற்பட்ட மாற்றத்தையே கேட்கிறது. வந்தவர் வாசிப்பதை விட்டுவிட்டுத் தன் சொல்லில் சுருக்கியிருக்கிறார்.

களத்துக்குப் போவோருக்கு: ‘அதுக்குப் பிறகு உங்கட வாழ்க்கையில என்னென்ன மாறிப்போச்சு?’ என்று இரு பக்கமும் திறந்த கேள்வியோடு தொடங்குங்கள். நல்லதும் கெட்டதும் வரட்டும். பிறகு, ‘சிலருக்கு இப்படி மாற்றம் வரும், சிலருக்கு வராது. வராவிட்டாலும் ஒரு குறையுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுங்கள். அயலவர் இருக்கும் விறாந்தையில் வைத்துக் கேட்காதீர்கள். டிசம்பர் கடைசிக் கிழமையில் போகவே வேண்டாம். அழுதால் நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், தொடரலாமா என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்வி படிவத்துக்கு வெளியே இருக்கட்டும். பேரப்பிள்ளையின் படிப்பு, நாளைய சமையல் என்று இன்றைய நாளுக்கு அவரைக் கூட்டி வந்துவிட்டு எழும்புங்கள்.

பிஎச்கியூ-9 சேர்த்திருந்தால் ஒன்பதாவது கேள்வியை அங்கேயே பார்க்க வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றியது அது. 0 தவிர வேறு எது வந்தாலும் தரவு உள்ளிடும் நாள் வரை வைத்திருக்கக் கூடாது. அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ வழிகாட்ட வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இந்த ஏற்பாடு இல்லாத கணக்கெடுப்பு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

உங்கள் அம்மா விரும்பினால் தன் படிவத்தை நீக்கும்படி கேட்கலாம். ஒப்புதல் தாளில் இருக்கும் இலக்கத்துக்குச் சொன்னால் போதும். அப்படி ஒரு தாள் தரப்படவில்லை என்றால் அதையே முறைப்பாடாகப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள்.

கேள்வி: இறுதி ஆண்டு ஆய்வுக்காகப் படிவத்தைத் தமிழாக்கினேன். எழுத்தறிவு குறைந்த மீனவக் குடும்பங்களில் 0–5 படிகள் விளங்கவில்லை. ஆன்மீகப் பகுதியின் நம்பகத்தன்மை 0.52 மட்டுமே. என்ன செய்வது? (மாணவர், வந்தாறுமூலை)

0.52க்குப் பயப்பட வேண்டாம். அல்பா என்பது ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்; இரண்டே கேள்வி உள்ள பகுதிக்கு அது ஏற்ற அளவல்ல. இரு கேள்விகளுக்கும் இடையிலான தொடர்பிலிருந்து நம்பகத்தன்மையைக் கணிக்கும் ஸ்பியர்மன்–பிரவுண் சூத்திரத்தைப் போடுங்கள். ஆனால் அதிலும் அதிசயம் நடக்காது. இரு கேள்விகளுக்கும் இடையில் தொடர்பு 0.35 என்றால் விடை 0.52தான். 0.70 வர 0.54 தொடர்பு வேண்டும். கண்டபடி கேள்வியை வெட்டாமல், தொடர்பையே அறிக்கையில் போட்டு, அந்தப் பகுதியைத் தனியாக விளக்காமல் விடுங்கள். முழுப் படிவத்தின் அல்பா மூல ஆய்வில் 0.90.

படிகளுக்கு ஐந்து புளியங்கொட்டையும் ஒரு சிரட்டையும் போதும். ‘இந்த மாற்றம் வரவேயில்லை என்றால் சிரட்டை வெறுமை, மிக அதிகமாக வந்தது என்றால் ஐந்தும் உள்ளே.’ ‘முந்தி மாதிரியே மழை பெய்கிறதா’ என்பது போல இரண்டு பழக்கக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லோருக்கும் ஒரே முறை. பாதிப் பேருக்குக் கொட்டை, பாதிப் பேருக்குப் பேனா என்று கலந்தால் இரு குழுவையும் ஒப்பிட முடியாது. வயதானவர்களுக்கு 10 கேள்விக் குறும்படிவம் இருக்கிறது, பகுதிக்கு இரண்டு கேள்வி, மொத்தம் 50.

மொழியாக்கத்தை நீங்கள் ஒருவராகச் செய்தது போதாது. இருவர் தனித்தனியே தமிழாக்கி ஒன்றாக்க வேண்டும். மூலத்தைக் காணாத மூன்றாமவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு ஏழெட்டுப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து ‘இதில என்ன கேக்கிறாங்க, உங்கட சொல்லில சொல்லுங்க’ என்று கேளுங்கள். கரையோரத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், முஸ்லிம் ஊர்களில் என்று ஆட்களைத் தெரியுங்கள். பாதிப் பிரச்சினை இந்த இடத்தில்தான் வெளிவரும். அதற்குப் பிறகுதான் 30 பேரளவில் முன்னோட்டம். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இவை எல்லாவற்றுக்கும் முன்.

கேள்வி: ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இதே படிவத்தைக் கொடுக்கலாமா? (ஆசிரியை, பொத்துவில்)

வேண்டாம். பிள்ளைகளுக்குத் தனிப் படிவம் இருக்கிறது: 10 கேள்வி, 0 முதல் 3 வரை, மொத்தம் 30. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படியும் வளர்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பை விடத் தன்னம்பிக்கை கூடியது வெள்ளத்தாலா, வயதாலா என்று பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வெள்ளம் படாத பாடசாலை ஒன்றின் அதே வகுப்பையும் அளந்தால்தான் ஏதாவது சொல்லலாம். வகுப்பறையில் கையை உயர்த்தச் சொல்லிக் கேட்கவே கூடாது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் கை உயரும். பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

கேள்வி: என் கணவர் ‘அந்தக் காலத்துக்குப் பிறகு எனக்கு எதையும் தாங்கலாம்’ என்கிறார். ஆனால் இரவில் அலறி எழும்புகிறார். எது உண்மை? (வாசகி, வாழைச்சேனை)

இரண்டும். வளர்ச்சியும் துயரமும் ஒரு கோட்டின் இரு முனைகள் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில், துயர அறிகுறி மிகக் குறைந்தவர்களும் மிகக் கூடியவர்களும் குறைந்த வளர்ச்சியையே சொன்னார்கள். நடுவில் இருந்தவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். அவர் பலசாலி என்பதை மறுத்து வாதாட வேண்டாம். அலறி எழும்புவது ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், பகலிலும் திடுக்கிட்டால், அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனால், உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ‘நித்திரைக்கு மருந்து கேட்பம் வாங்க’ என்று சொன்னால் வருவார்.

கேள்வி: இணையத்தில் இந்தச் சோதனையைச் செய்தேன். 31 வந்தது. நான் வளரவில்லையா? (வாசகர், அக்கரைப்பற்று)

சம்பவம் நடந்து மூன்று மாதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது அளக்க வேண்டியது நித்திரை, சாப்பாடு, வேலைக்குப் போக முடிகிறதா என்பவை. 31ஐ விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டிருந்தால் அவற்றை நீக்கச் சொல்லி எழுதுங்கள்.